டிஎல்ஏயிலிருந்து பிப்புக்கு: 16 வயதில் பெற்றோர் முன்னுள்ள தெரிவுகள்

எங்கள் மகனுக்கு 16 வயது நிறைந்த கையோடு டி.டபிள்யூ.பி என்னும் பிரித்தானிய வேலை, ஓய்வூதியத் துறையிலிருந்து கடிதம் வந்தபோது, அதை ஒரு புதுப்பித்தல் கடிதம் என்றே நானும் கணவரும் எடுத்துக்கொண்டோம். அவனுக்கு ஓட்டிசம் என்று வைத்தியர்கள் சொன்ன நாலு வயதிலிருந்து டிஎல்ஏ என்னும் இயலாமைக்கான வாழ்க்கைக் கொடுப்பனவு வந்துகொண்டிருந்தது. இடையில் இரண்டு தடவை படிவம் நிரப்பி அனுப்பியிருந்தோம்; இது மூன்றாவது தடவை, இந்த முறை பெயரை மாற்றிப் பிப் (தனிநபர் சுதந்திரக் கொடுப்பனவு) என்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தோம். பழைய படிவத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு அதையே ஏறக்குறையப் பார்த்து எழுதினோம். அந்த நினைப்பினால் என்ன இழந்தோம், எப்படி ஒரு பகுதியை மீட்டோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், இந்த மாற்றத்தின்போது பெற்றோர் எங்கெங்கே ஒரு தெரிவைச் செய்யவேண்டியிருக்கிறது, ஒவ்வொரு தெரிவுக்கும் எது சார்பு, எது எதிர் என்பதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். டிஎல்ஏ பிப்பாக மாற்றப்படுவதில்லை. டிஎல்ஏ முடிவுக்கு வருகிறது. பிப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்கிறோம். வேறொரு சட்டம், வேறொரு அளவுகோல். 1992இல் தொடங்கிய டிஎல்ஏயின் இடத்துக்கு, வேலை செய்யும் வயதினருக்காக 2013 ஏப்ரல் 8 முதல் பிப் கொண்டுவரப்பட்டது. அன்றைக்கு 65 வயதை எட்டியிருந்தவர்களை மட்டும் டிஎல்ஏயிலேயே விட்டார்கள். இன்று புதிதாக டிஎல்ஏ கோரக்கூடியவர்கள் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்தான் என்பதால், இந்தப் பாலத்தைக் கடப்பவர்களில் அநேகர் 16 வயதுப் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோருமே.

பணத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். 2025–26 நிதியாண்டில் (கீழே வரும் தொகைகள் எல்லாம் அந்த ஆண்டினுடையவை) டிஎல்ஏ பராமரிப்புப் பகுதிக்கு வாரம் 29.20, 73.90, 110.40 பவுண் என்று மூன்று வீதங்கள். நடமாட்டப் பகுதிக்கு 29.20, 77.05 என்று இரண்டு. பிப்பில் அன்றாட வாழ்க்கைப் பகுதிக்கு 73.90, 110.40 என்று இரண்டு வீதங்கள்தான் உண்டு. நடமாட்டப் பகுதிக்கு அதே 29.20, 77.05. தொகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தினாலும் டிஎல்ஏயின் மிகக் குறைந்த பராமரிப்பு வீதத்துக்கு இணையான படி பிப்பில் கிடையாது. அந்த 29.20 பவுணைப் பெற்றுக்கொண்டிருந்த பிள்ளை ஒன்றில் 73.90க்கு ஏறும், அல்லது ஒன்றுமில்லாமல் நிற்கும்.

மாறுவது கேள்விதான். பிள்ளைகளுக்கான டிஎல்ஏ, இந்தப் பிள்ளைக்கு அதே வயதுள்ள மற்றப் பிள்ளையைவிட எவ்வளவு கூடுதலான கவனிப்பும் காவலும் தேவைப்படுகிறது என்று கேட்கும். பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாகக் கேட்கும். பிப்போ சமைத்தல், உண்ணுதல், மருந்தும் சிகிச்சையும், குளித்தல், மலசலகூடம், உடுத்தல், பேசுதல், வாசித்தல், மனிதரோடு பழகுதல், பணத்தைக் கையாளுதல் என்று 10 காரியங்களையும், வழி கண்டு போதல், நடத்தல் என்று மேலும் 2 காரியங்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடும். ஒரு பகுதியில் 8 புள்ளி சேர்ந்தால் சாதாரண வீதம், 12 சேர்ந்தால் உயர் வீதம். இரவுக்கென்று அதில் தனி இடம் இல்லை. இரவில் மூன்று தடவை எழுந்து பிள்ளையைப் பார்க்கும் தாய்க்கு டிஎல்ஏயில் அந்த உறக்கமின்மை, பகல் கவனிப்போடு சேர்ந்து, அதிகூடிய வீதத்தைப் பெற்றுத் தந்திருக்கும்; பிப்பில் அவர் எழுந்து செய்யும் வேலை மலசலகூடம், சிகிச்சை போன்ற ஏதோ ஒரு காரியத்துக்குள் அடங்கினால்தான் கணக்கில் வரும்.

இதனால் எல்லோரும் இழக்கிறார்கள் என்று பயப்படத் தேவையில்லை. அறிமுகமில்லாத வழியில் துணை வேண்டியிருப்பவருக்கு டிஎல்ஏ குறைந்த நடமாட்ட வீதத்தைத் தரும்; பிப்பிலும் அதற்கு 10 புள்ளி, அதாவது அதே 29.20. ஆனால் நாளாந்தம் போய்வரும் பழகிய வழியிலும் ஒருவர் கூட வந்தால்தான் போகமுடியும் என்றால் பிப்பில் 12 புள்ளி, வாரம் 77.05 பவுண். ஓட்டிசமோ கடுமையான கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஏற்றம் கிடைப்பதைக் கண்டிருக்கிறேன். மாறாக, நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு அளவுகோல் இறுகியிருக்கிறது. டிஎல்ஏ காலத்தில் சுமார் 50 மீற்றர் என்பதே வழக்கத்தில் இருந்த அளவு. பிப்பில் 12 புள்ளிக்கு 20 மீற்றருக்கு மேல் நடக்க முடியாதிருக்க வேண்டும். உயர் நடமாட்டத் தொகையைக் கொடுத்துக் குத்தகைக்கு எடுக்கும் மோட்டபிலிட்டி வாகனம் வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த ஓர் எண்ணை முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் உயர் நடமாட்ட வீதம் போனால் வாகனத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

யாருடைய பெயரில்

முதல் தெரிவு, விண்ணப்பதாரராக யார் நிற்பது என்பது. 16 வயதுவரை பெற்றோரே எல்லாம். அதன்பின் சட்டப்படி பிள்ளையே விண்ணப்பதாரர். தன் பணவிடயங்களைத் தானே நடத்த இயலாத பிள்ளைக்காக ஒரு பெற்றோர் பொறுப்பாளராக, அப்பொயின்டீ என்று அவர்கள் சொல்வதாக, நியமனம் பெறலாம். 16 வயதாக முன்பே இது பற்றிக் கேட்டு எழுதுவார்கள். தேவை உண்மைதானா என்று பார்க்க ஓர் அதிகாரி பிள்ளையையும் பெற்றோரையும் சந்திக்கவும் கூடும்.

எங்கள் சமூகத்தில் இந்தத் தெரிவு யோசனையின்றி நடந்துவிடுகிறது. பிள்ளைக்கு என்ன தெரியும், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று தகப்பன்மார் முன்வருகிறார்கள். உடல் இயலாமை மட்டுமே உள்ள, கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றுக்குப் பொறுப்பாளர் கேட்பது பொருந்தாது, நியமனம் கிடைப்பதும் அரிது. இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. பொறுப்பாளர் என்று பதிவானால் பிள்ளையின் எதிர்காலத்துக்கு ஏதோ முத்திரை விழுந்துவிடும், நாளைக்குக் கலியாணப் பேச்சில் யாராவது கேட்பார்கள் என்று அஞ்சி, கடிதத்தை வாசித்துப் பொருள் கொள்ள முடியாத பிள்ளையின் பெயரிலேயே எல்லாவற்றையும் விட்டுவிடும் குடும்பங்களையும் தெரியும். அப்படி விட்டால் தொலைபேசியில் அவனைத்தான் கேட்பார்கள். அவன் ஆம் ஆம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். பொறுப்பாளர் நியமனம் அந்தத் துறைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான ஏற்பாடு. அது எந்தப் பொதுப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

ஆனால் பொறுப்பாளராவது சும்மா கையெழுத்துப் போடும் வேலையும் அல்ல. நிலைமை மாறினால் அறிவிப்பது அவரின் கடமை; உண்மையை மறைத்ததால் கூடுதலாகப் பணம் வந்திருந்தால் பதில் சொல்லவேண்டியவரும் அவரே. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: பிள்ளை தன் பெயரிலேயே விண்ணப்பித்து, தன் அம்மாவோடு அல்லது அக்காவோடு பேசலாம் என்று சம்மதம் சொல்லி வைப்பது. தன் நிலைமையைத் தானே விளக்கக்கூடிய, ஆனால் தொலைபேசியைக் கண்டால் பதறும் பிள்ளைக்கு இதுவே சரி. நாங்கள் பொறுப்பாளர் வழியைத் தெரிந்தோம். என் கணவரின் பெயரைப் போடாமல் என் பெயரைப் போட்டதற்குக் காரணம், பகலில் வீட்டில் நிற்பவள் நான், அழைப்பு வருவதும் பகலில்தான்.

படிவத்தில் எதை எழுதுவது

விண்ணப்பத்தைத் தொலைபேசியில் தொடங்கிய பிறகு, உங்கள் இயலாமை உங்களை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்கும் நீண்ட படிவம் வரும். திருப்பி அனுப்ப ஒரு மாதம். இதைத் தனியே நிரப்புவதா, கவுன்சிலிலோ தொண்டு நிறுவனத்திலோ உள்ள ஆலோசகரிடம் போவதா என்று கேட்பார்கள். நல்ல ஆங்கிலம் தெரிந்த பெற்றோர் தனியே நிரப்பிவிடலாம் என்று நினைப்பது இயல்பு, நானும் நினைத்தேன். இப்போது என் கருத்து வேறு. இங்கே ஆங்கிலம் தெரிவது இரண்டாம் பட்சம். புள்ளிப் பட்டியலைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் பட்டியலையாவது முன்னால் விரித்து வைத்துக்கொண்டு எழுதவேண்டும்.

சமையலை எடுத்துக்கொள்வோம். நான் முதலில் எழுதியது: அவனுக்கு நான்தான் சமைத்துக் கொடுக்கிறேன். இது உண்மை. ஆனால் எந்தத் தமிழ் வீட்டில் 16 வயதுப் பையன் சமைக்கிறான்? மதிப்பீட்டாளர் இதை வாசித்தால் அங்கே இயலாமை எதையும் காணமாட்டார். அம்மா சமைத்துப் போடும் ஒரு சாதாரண வீட்டைத்தான் காண்பார். பிப் கேட்பது, அவன் செய்கிறானா என்பதல்ல, செய்யச் சொன்னால் செய்ய முடியுமா என்பது. அதுவும் சோறு கறி அல்ல, ஒருவருக்கு மட்டும், புதிய பொருட்களிலிருந்து, அடுப்பில் ஆக்கக்கூடிய ஓர் எளிய உணவு. அதனால் ஒரு சனிக்கிழமை அவனை முட்டைப் பொரியல் செய்யச் சொல்லிவிட்டு நான் குசினி வாசலில் நின்றேன். முட்டையை ஒழுங்காக உடைத்தான். எண்ணெய் விட்டான். சட்டி சூடாகும்போது பக்கத்தில் இருந்த சலவை இயந்திரம் சுழலத் தொடங்கியது. அதன் கண்ணாடிக்கு முன்னால் போய்க் குந்திவிட்டான். எண்ணெய் புகையத் தொடங்கியும் திரும்பவில்லை. நான் அடுப்பை அணைத்தேன். அதை அப்படியே எழுதியபோதுதான் அது 4 புள்ளிக்கான பதில் ஆனது: யாராவது கூட நின்று பார்த்துக்கொண்டால்தான் பாதுகாப்பாகச் சமைக்க முடியும்.

பாதுகாப்பாக என்பது சட்டத்திலேயே உள்ள சொல். ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்று கொள்வதற்கு, பாதுகாப்பாகவும், ஏற்கத்தக்க தரத்திலும், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்பவும், இயலாமை இல்லாதவர் எடுக்கும் நேரத்தின் இரு மடங்குக்குள்ளும் அதைச் செய்ய முடியவேண்டும். நிலைமை ஏறி இறங்கினால், பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறது என்று பார்க்கப்படும். நல்ல நாளையே சொல்லிப் பழகிய நமக்கு இது கடினம். அவன் சமாளிப்பான் என்று என் கணவர் ஒவ்வொரு கேள்விக்கும் சொன்னார். சமாளிப்பான் என்ற சொல்லுக்குத் தமிழில் ஆயிரம் சிரமம் அடங்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது அது முடியும் என்று ஆகிவிடுகிறது, புள்ளி பூச்சியமாகிவிடுகிறது.

பேசுதல், வாசித்தல் பற்றிய கேள்விகளில் இன்னொரு குழப்பம். ஆங்கிலம் குறைவு என்பதற்குப் புள்ளி இல்லை; ஒருவரின் தாய்மொழியில் சொல்லப்படும் வாக்கியம், தாய்மொழியில் அச்சிடப்பட்ட எழுத்து என்றே விதியில் வரையறை இருக்கிறது. ஆகவே இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று எழுதுவதில் பயனில்லை. மனிதரோடு பழகுதல் என்ற கேள்வியில் எதிர்ப்பக்கம் ஒரு வாய்ப்பு உண்டு. பிறரோடு பழகப் பிள்ளைக்குத் துணை வேண்டியிருந்தால், அந்தத் துணையைத் தருபவர் பயிற்சி பெற்ற தொழில்முறை ஆளாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, பிள்ளையை நன்கறிந்து உதவிப் பழகிய குடும்பத்தவரும் ஆகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2019இல் ஏற்றுக்கொண்டது. வெறும் தூண்டுதலுக்கு 2 புள்ளி, இந்த வகைத் துணைக்கு 4 புள்ளி. கலியாண வீட்டில் தாய் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை ஒருவரோடும் பேசாது என்றால், தாய் அங்கே என்ன செய்கிறார் என்பதை விரித்து எழுதவேண்டிய இடம் இது.

சான்றுகளில் குடும்ப வைத்தியரான ஜி.பியின் இரண்டு வரிக் கடிதத்தைவிடப் பாடசாலையின் கடிதமும், பிள்ளையின் கல்வி, சுகாதார, பராமரிப்புத் தேவைகளைக் குறிக்கும் இ.எச்.சி.பி திட்டமும் கனமானவை. பிள்ளையை நாள் முழுக்கப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

விரைந்தா, ஆறுதலாகவா

அழைப்புக் கடிதம் கிடைத்தால் விண்ணப்பத்தைத் தொடங்க 28 நாள் அவகாசம். பதிலே சொல்லாவிட்டால் டிஎல்ஏ முதலில் இடைநிறுத்தப்படும், மேலும் 28 நாள் போனால் முற்றாக நிற்கும். இதில் தெரிவு எதுவும் இல்லை, தொடங்கியே ஆகவேண்டும். தெரிவு வருவது அதன் பிறகு, படிவத்தை எவ்வளவு சீக்கிரம் திருப்பி அனுப்புவது என்பதில். பிப் பற்றிய தீர்மானம் வரும்வரை டிஎல்ஏ தொடரும். தீர்மானத்துக்குப் பின் வரும் கொடுப்பனவு நாளிலிருந்தும் நாலு வாரம் தொடரும். பிப் அதன் பிறகுதான் ஆரம்பிக்கும். இடைப்பட்ட காலத்துக்கு நிலுவை கிடையாது.

இதிலிருந்து ஒரு கணக்குப் பிறக்கிறது. பிப்பில் தொகை கூடும் என்று நம்பும் குடும்பம், உதாரணமாகப் பழகிய வழியிலும் தனியே போகமுடியாத பிள்ளை உள்ள குடும்பம், ஒரு வாரம் தாமதித்தாலும் அந்த வாரத்தின் வித்தியாசத்தை இழக்கிறது. இரவுக் கவனிப்பினால் அதிகூடிய வீதம் பெற்றுவந்த குடும்பத்துக்கோ அவசரத்தில் லாபம் எதுவும் இல்லை. அவர்கள் தரப்பட்ட மாதத்தை முழுமையாகப் பயன்படுத்தலாம். சான்று வரத் தாமதமானால் மேலதிக நாட்களும் கேட்கலாம். ஆனால் கேட்டுப் பெறவேண்டும், கேட்காமல் பிந்தக்கூடாது.

ஸ்கொட்லாந்தில் உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே டிஎல்ஏக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கான இயலாமைக் கொடுப்பனவும் பிப்புக்குப் பதிலாக வளர்ந்தோருக்கான கொடுப்பனவும் ஸ்கொட்லாந்து அரசாலேயே வழங்கப்படுகின்றன. பின்னது 2022 ஓகஸ்ட் இறுதியிலிருந்து நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. புள்ளி முறை ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், 16 வயதுக்கு முன்பே பெற்றுவந்த பிள்ளை 18 வயதுவரை பழைய கொடுப்பனவிலேயே இருக்கலாம். இடையில் எப்போது மாறுவது என்பது குடும்பத்தின் விருப்பம். இங்கிலாந்தில் எங்களுக்கு அந்த ஆறுதல் இல்லை. கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்கு வேலைக்காக வீடு மாறும் குடும்பங்கள் கவனிக்கவேண்டியது: ஸ்கொட்லாந்துக் கொடுப்பனவு மாறிவந்த பின் 13 வாரம்தான் தொடரும், அதற்குள் இங்கே புதிதாக விண்ணப்பித்துவிட வேண்டும்.

மதிப்பீடு தொலைபேசியிலா, நேரிலா, காணொளியிலா என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. முடிவு செய்வது அவர்கள். ஆனால் காரணம் சொல்லி மாற்றிக் கேட்கலாம். பார்த்தால்தான் விளங்கும் பிள்ளைக்கு நேரில் கேளுங்கள். அந்நிய இடத்தில் நிலைகுலைந்துபோகும் பிள்ளைக்குத் தொலைபேசியோ, சான்று பலமாக இருந்தால் காகிதத்தின் அடிப்படையில் மட்டும் மதிப்பிடும்படியோ கேளுங்கள். எதுவானாலும் ஒருவர் கூட இருக்கலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். எப்படி இருக்கிறீர்கள் என்று அந்தப் பக்கம் கேட்டதும் நல்லாயிருக்கிறோம் என்று பழக்கதோஷத்தில் சொல்லாமல் இருப்பதே பெரிய காரியம்.

ஏற்பதா, எதிர்ப்பதா

எங்கள் தீர்மானக் கடிதத்தில் அன்றாட வாழ்க்கைக்கு 8 புள்ளி: சமையலுக்கு 4, குளிக்க ஒவ்வொரு நாளும் சொல்லித் தள்ளவேண்டியிருப்பதற்கு 2, பணம் கையாள்வதற்கு 2. நடமாட்டத்துக்கு 4. டிஎல்ஏயில் நடுத்தரப் பராமரிப்பும் குறைந்த நடமாட்டமுமாக வாரம் 103.10 பவுண் வந்த இடத்தில் 73.90 என்று போட்டிருந்தது. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு நாங்கள் அனுப்பிய படிவத்தின் நகலை எடுத்து வாசித்தேன். சமையல் பற்றிய பகுதியைத் திருத்தி எழுதியிருந்தாலும், பயணம் பற்றிய பகுதி பழைய படிவத்திலிருந்து எடுத்தது: பாடசாலைக்குத் தானே பஸ்ஸில் போவான், புதிய இடங்களில் பதற்றப்படுவான். இதை வாசிக்கும் எவரும் அந்த 4 புள்ளியைத்தான் தந்திருப்பார்கள். வீதி வேலைக்காகப் பஸ் வேறு வழியால் திரும்பிய ஒரு நாள், அவன் ஏதோ ஒரு நிறுத்தத்தில் இறங்கி இரண்டு மணித்தியாலம் அசையாமல் நின்றதும், பாடசாலையிலிருந்து ஆசிரியை ஒருவர் போய்க் கூட்டிவந்ததும் படிவத்தில் எங்கும் இல்லை.

இந்த நிலையில் மூன்று வழிகள். அப்படியே ஏற்றுக்கொண்டு, பின்னால் நிலைமை மாறினால் அறிவிப்பது ஒன்று. கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள், தீர்மானத்தை அதே துறையே திரும்பப் பார்க்கும் கட்டாய மறுபரிசீலனை கேட்பது இரண்டாவது; தபால் பிந்தி வந்தாலும் கணக்கு அந்தத் திகதியிலிருந்துதான். அதிலும் மாறாவிட்டால், அந்தப் பதில் வந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்வது மூன்றாவது. தீர்ப்பாயம் இந்தத் துறைக்கு வெளியே உள்ளது. ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், இயலாமை பற்றி அனுபவமுள்ள ஒருவர் என்று மூவர் கேட்பார்கள். நீண்ட காலமாகப் பார்த்தால், அங்கே விசாரிக்கப்படும் பிப் வழக்குகளில் மூன்றில் இரண்டு பங்களவு விண்ணப்பதாரருக்குச் சார்பாகவே முடிகின்றன. மறுபரிசீலனையில் வெற்றி அதைவிட அரிது. இந்த இரண்டு செய்தியையும் கேட்டுவிட்டு, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பாயம்வரை போகவேண்டும் என்று அறிவுரை சொல்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மறுபரிசீலனையும் தீர்ப்பாயமும் முழுத் தீர்மானத்தையும் திறந்து பார்க்கலாம். கூட்டுவதைப் போலக் குறைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

எங்கள் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். வெல்ல இருந்தவை: நடமாட்டத்துக்கு 29.20, மனிதரோடு பழகுதலுக்கு 4 புள்ளி கிடைத்து மொத்தம் 12 ஆனால் மேலும் 36.50, ஆகக் கூடியது வாரம் 65.70 பவுண். இழக்க இருந்தவை: 8 என்பது சரியாக வாசற்படியில் நிற்கும் எண். குளித்தலுக்கான 2 புள்ளியை யாராவது எடுத்துவிட்டால் 73.90 முழுதும் போகும். அதோடு, அவனைப் பராமரிப்பதற்காக எனக்கு வரும் கெயரர்ஸ் அலவன்ஸ் 83.30 பவுணும் போகும், ஏனென்றால் அது பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதியில்தான் தொங்குகிறது. வாரம் 157.20. குறைந்த வருமானத்துக்கான யூனிவர்சல் கிரெடிட் பெறும் குடும்பமாயின், இயலாமையுள்ள பிள்ளைக்கான மேலதிகத் தொகையும் இந்தச் சங்கிலியில் இருக்கிறது. வாசற்படியில் நிற்காமல் 10, 11 புள்ளியோடு இருப்பவருக்கு இந்த ஆபத்து வெகுவாகக் குறைவு. பூச்சியத்தோடு நிற்பவருக்கு ஆபத்தே இல்லை, அவர் போராடாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. எங்கள் ஊர்க்காரக் குடும்பம் ஒன்று இரண்டு பகுதியிலும் ஒன்றும் கிடைக்காமல் நின்றது. அவர்களைத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லி நானே வற்புறுத்தினேன். போனார்கள், மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், கிடைத்தது.

இன்னுமொன்றையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். எதிர்க்கும் காலத்தில் பழைய டிஎல்ஏ தொடராது. குறைந்த புதிய தொகையோடுதான் காத்திருக்க வேண்டும். வென்றால் நிலுவையோடு வரும் என்பது உண்மை, ஆனால் அதுவரை மாத வாடகை காத்திருக்காது. அதற்குப் பதிலாகப் புதிதாக விண்ணப்பித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். புது விண்ணப்பம் புதிய திகதியிலிருந்துதான் பணம் தரும், கடந்த மாதங்கள் போனது போனதுதான். மேன்முறையீட்டுக் காலக்கெடுவைக் கோட்டைவிட்டவர்களுக்கும், தீர்மானத்துக்குப் பின் நிலைமை மோசமானவர்களுக்கும்தான் அந்த வழியைப் பரிந்துரைப்பேன். கெடு தவறியவர்களும் நல்ல காரணம் இருந்தால் பிந்தி மறுபரிசீலனை கேட்கலாம். 13 மாதம் வரையும் ஏற்க இடமுண்டு.

நாங்கள் மறுபரிசீலனை கேட்டோம், நடமாட்டத்தை மட்டும் முன்வைத்து. மனிதரோடு பழகுதலைப் பற்றி எழுத ஆசைப்பட்ட கையை நானே பிடித்து நிறுத்தினேன். அன்றாட வாழ்க்கைப் பகுதியின் தீர்மானத்தை ஏற்கிறோம் என்று முதல் வரியிலேயே எழுதினோம். அது சட்டப்படி எந்தக் காவலும் அல்ல. ஆனால் வாசிப்பவரின் கவனத்தை ஓரிடத்தில் குவிக்கும். பஸ் திரும்பிய நாளைப் பற்றி, திகதியோடும் நேரத்தோடும், அவனைக் கூட்டிவந்த ஆசிரியை பாடசாலைக் கடிதத்தாளில் எழுதித் தந்தார். பாடசாலை வழியைப் பழக்க ஒன்றரை ஆண்டு அவனோடு நான் பஸ்ஸில் போய்வந்ததையும், அந்த ஒரு வழியைத் தவிர வேறு எங்கும் அவன் தனியே போனதில்லை என்பதையும் நான் எழுதினேன். 10 புள்ளி தந்தார்கள். 29.20 திரும்பி வந்தது. அன்றாட வாழ்க்கைப் பகுதியின் உயர் வீதத்துக்காகத் தீர்ப்பாயம் போகலாம் என்று ஆலோசகர் சொன்னார், அந்த 36.50 பவுணுக்காக 157.20ஐப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. என்னைவிடத் துணிந்த ஒருவர் வேறு முடிவெடுத்திருக்கலாம், அதிலும் பிழை காணமாட்டேன்.

இப்போது 14, 15 வயதில் பிள்ளையுள்ள பெற்றோர் என்னிடம் கேட்பது, இந்த விதிகளே மாறப்போகின்றனவாமே, பொறுத்திருந்தால் என்ன என்று. 2025 மார்ச்சில் அரசாங்கம் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கையில், டிஎல்ஏயிலிருந்து மாறும் வயதை 16இலிருந்து 18 ஆக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். அதே திட்டத்தில், ஏதாவது ஒரு காரியத்தில் 4 புள்ளியாவது இல்லாதவருக்கு அன்றாட வாழ்க்கைப் பகுதியே இல்லை என்ற கடும் விதியும் இருந்தது. பெரும் எதிர்ப்பு எழுந்து, 2025 யூலையில் அது சட்டமூலத்திலிருந்து நீக்கப்பட்டது. பிப் முழுவதையும் மீளாய்வு செய்யும் பொறுப்பு அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸிடம் கொடுக்கப்பட்டது. எம்மவர் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாம் தொகுதியின் உறுப்பினர் அவர். கேட்கப்பட்ட யோசனை ஒன்று சட்டமாகும்வரை 16 என்பது 16தான். பொறுத்திருப்பது ஒரு தெரிவே அல்ல. கடிதம் பிறந்தநாளோடு வந்துவிடும். ஆனால் இன்று 15 வயதுள்ள பிள்ளையின் வீட்டில், பஸ் திரும்பிய நாளைப் போன்ற ஒரு நாள் நடந்தால், அதைத் திகதியோடு ஒரு கொப்பியில் குறித்து, கூட்டிவந்தவரிடம் அந்த வாரத்திலேயே இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் அந்தக் கடிதத்துக்காக எட்டு மாதம் பிந்திப் போய் நின்றபோது, ஆசிரியை நல்லவேளையாக இன்னும் அந்தப் பாடசாலையிலேயே இருந்தார்.